பழைய வால்வு ஆம்ப் உறுமுகிறதா? கண்டன்சரை மாற்றும் முன் சத்தம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள்

மதுரைப் பக்கம் இன்றைக்கும் தேடினால் வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபையர் கிடைக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்த ஊரிலும் பழைய ரேடியோ செட்டுக்காரர் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கலாம். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்து மைக் செட் ஆம்ப் அது, "எடுத்துட்டுப் போ தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வேறு சிலரிடம், மெல்லிசைக் குழுவில் வாசித்த சித்தப்பாவோ மாமாவோ விட்டுப்போன ஃபெண்டர் சாம்ப் மாதிரி ஒரு சின்ன அமெரிக்க ஆம்ப் இருக்கும். இரண்டிலும் கிடாரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டால் வாசிப்பதற்கு முன்பே உறுமல் வந்துவிடும்.

உடனே எல்லாரும் சொல்கிற வைத்தியம் "எல்லாக் கண்டன்சரையும் மாத்திடுங்க" என்பதுதான் (கண்டன்சர் என்றால் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்). அப்படிச் செய்யாதீர்கள். காசு போவது ஒரு பக்கம், நன்றாக இருந்த பழைய சாமானும் போய்விடும், புதிதாக வைத்த ஈயத்தில் ஒரு இணைப்பு சரியாக ஒட்டாவிட்டால் முதல் கோளாறோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது எதனால் வந்தது என்றே தெரியாது. சத்தம் எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று முதலில் பிடித்துவிட்டால் பல ஆம்ப்களில் மாற்ற வேண்டியது நாலைந்து சாமான்தான்.

முதலில் உயிர்

வால்வு ஆம்புக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லப் போதுமான அளவு. சேசிஸை, அதாவது உள்பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டைக் கழற்றியதும் மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டு, ஒவ்வொரு பெரிய கண்டன்சரின் பிளஸ்ஸிலும் அளந்து பாருங்கள். வோல்ட் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களுக்கு நன்றாக இன்சுலேஷன் போட்டு, அதைப் பிளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவில் சில நொடிகள் பிடித்துக் காலி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். காலி செய்த பிறகு மறுபடியும் அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய கண்டன்சர்களில் வோல்ட் கொஞ்சம் திரும்ப ஏறும். ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும், மற்றது பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். இதைப் படிக்கும்போதே தயக்கமாக இருந்தால், சேசிஸுக்கு வெளியே செய்கிற வேலைகளை மட்டும் நீங்கள் செய்துவிட்டு உள்வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. மைக் செட் ஆம்பில் பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 100 வோல்ட் லைன் என்று ஒன்றும் இருக்கும். அது தூரத்துக் குழாய்களுக்குக் கம்பி இழுப்பதற்கானது. உங்கள் 8 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் முனையில்தான் இருக்க வேண்டும்.

பரணிலிருந்து இறக்கியதும்

நேராகச் சுவர் பிளக்கில் சொருகாதீர்கள். நம் ஊர்த் தூசி, பல்லி எச்சம், எலி கடித்த வயர் எல்லாம் உள்ளே இருக்கும், பிரஷும் ப்ளோயரும் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஒயர் ஒயராகப் பாருங்கள். பழைய ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டால் உதிரும். உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள், அதில் யோசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைன் ஒயரில் தொடராக வைத்து அதன் வழியாக ஆம்புக்குக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, டங்ஸ்டன் இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். போட்டவுடன் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. கடைசிவரை பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்: மங்கினால் கோளாறு ரெக்டிஃபயருக்கு அந்தப் பக்கம், பெரும்பாலும் அந்த டிசியின் அலையைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டன்சரில். மங்காவிட்டால் பவர் டிரான்ஸ்பார்மரையே சந்தேகப்பட வேண்டும்.

எர்த்தும் வீட்டுக் கரண்டும்

பலரும் ஆம்பைத் திறந்து மாதக்கணக்கில் தேடுகிற சத்தம் ஆம்புக்குள் இருப்பதே இல்லை. அதனால் சேசிஸைக் கழற்றும் முன்பு இதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய ஆம்ப்களில் இரண்டு முள் பிளக்தான் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு மூன்று கம்பி கார்டு போடுங்கள். எர்த் கம்பி சேசிஸில் தனி போல்ட்டில் நட்டும் பல்வாஷரும் போட்டு இறுக்கப்பட வேண்டும், டிரான்ஸ்பார்மர் போல்ட்டில் அல்ல. லைன் கம்பி முதலில் ஃப்யூஸுக்கும் பிறகு ஸ்விட்சுக்கும் போகட்டும். மெயின்ஸ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டன்சர் போயிருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு முள் காலத்தில் உறுமலைக் குறைக்க வைத்தது அது, ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட் வரும், கிடார்க் கம்பி வழியாக உங்கள் கைக்கும் வரும்.

அமெரிக்க ஆம்ப் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பீர்கள். விலை குறைந்த ஸ்டெப்டவுன்கள் பலவற்றில் வெளிவரும் சாக்கெட்டுக்கு எர்த்தே கிடையாது, நீங்கள் போட்ட மூன்றாவது கம்பி அங்கேயே நின்றுவிடும். மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி வைத்து, ஆம்ப் சேசிஸிலிருந்து சுவர் பிளக்கின் எர்த் முள் வரை இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், சில சமயம் இரும்புத் தகடே லேசாக அதிரும். அந்த ரீங்காரம் ஸ்பீக்கரில் வராது, காதை ஆம்ப் பெட்டியிடம் வைத்தால் தெரியும்.

வீட்டு எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கத்து மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகிறது. குழியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வித்தியாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏசி வோல்ட் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, பத்து இருபது என்று காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் எர்த் முள்ளை வெட்டி உறுமலைக் குறைக்காதீர்கள். இதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

அடுத்து அறையில் உள்ளவை. ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், சோக் வைத்த டியூப்லைட், போன் சார்ஜர், எல்இடி பல்பு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் "ஙீ" என்று கூர்மையான சத்தம் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை, ஆம்பில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிடார் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் உறுமல் குறைந்தால் காந்தப்புலம் பிக்கப்பில் ஏறுகிறது என்று அர்த்தம். கிடார்க் கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் கிடாரின் உள்ளே ஷீல்டிங் போதவில்லை. தொட்டதும் கூடினால் கிடாரிலோ ஒயரிலோ எர்த் விட்டிருக்கிறது. தொட்டதும் கை சுரீர் என்றால் உடனே அணைத்துவிட்டு இந்தப் பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

காதால் பிடிப்பது

இனி கிடாரைப் பிடுங்கிவிடுங்கள். கிடார் இல்லாமலும் உறுமல் இருந்தால் அது ஆம்புக்குள்தான்.

உறுமல் இரண்டு வகை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை முழு அலை ரெக்டிஃபயர் டிசி ஆக்கும்போது மிச்சமாகும் அலை 100 ஹெர்ட்ஸ். கிடார் வாசிப்பவருக்கு இதைப் பிரிக்க மீட்டரே வேண்டாம். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுரத்தோடு கிட்டத்தட்டச் சேர்ந்தால் ஃபில்டர் கண்டன்சரைப் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிடாரின் அடிக்கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் ஜி மாதிரி இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிலோ எர்த் பாதையிலோ பக்கத்து டிரான்ஸ்பார்மரிலோ இருந்து வருவது. சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாகக் கேட்காமல் அதன் மேல் சுரங்கள் மட்டும் கேட்கலாம், அதனால் இதை முடிவாக எடுக்காமல் முதல் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது துப்பு வால்யூம். ஜீரோவில் வைத்தும் சத்தம் அதே அளவு இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால் நுழைகிறது. திருகத் திருகக் கூடினால் முன்னால்.

மூன்றாவதுதான் உண்மையில் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆம்பை அணைத்து ஆறவிட்டு, இன்புட்டுக்கு மிக அருகில் உள்ள வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. நிற்காவிட்டால் அதை அப்படியே வெளியே விட்டு அடுத்த வால்வையும் கழற்றுங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள் மட்டும் மிஞ்சி, அப்போதும் உறுமினால் கோளாறு பவர் பகுதியிலோ ஃபில்டரிலோதான். சாம்ப் மாதிரி ஒரே பவர் வால்வு உள்ள ஆம்ப் கொஞ்சம் உறுமத்தான் செய்யும், ஏனென்றால் இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ் புல் ஆம்பில் சப்ளையின் அலை டிரான்ஸ்பார்மருக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, இதில் அந்த வசதி இல்லை. புஷ் புல்லில் உறுமல் கூடியிருந்தால் இரண்டு பவர் வால்வில் ஒன்று தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபில்டர் கண்டன்சர்

எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் உள்ளே ஈரம் காய்ந்து செத்துப்போகும், அதுவும் நம் ஊர்ச் சூட்டில். மேலே உப்பியிருந்தாலோ அடியில் கசிந்த கறை இருந்தாலோ பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். வெளியே தெரியாவிட்டால் ஆம்பை அணைத்து, காலி செய்து, சந்தேகப்படுகிற கண்டன்சருக்கு இணையாக அதே மதிப்பில் நல்லது ஒன்றைக் கிளிப் போட்டு, கையை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். உறுமல் இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டுத்தான் புதிதை வையுங்கள், செத்ததன் மேலேயே இணையாக ஈயம் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

450 அல்லது 500 வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட்) பவர் சப்ளைகளிலும் 450 வோல்ட் போடுவதால் மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரிய மதிப்பாகப் போட்டால் உறுமல் இன்னும் குறையுமே என்று தோன்றும். ரெக்டிஃபயர் வால்வாக இருந்தால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. 5ஒய்3 வால்வுக்கு முதல் கண்டன்சர் 20 மைக்ரோ ஃபாரட், ஜிஇசட்34க்கு 60 என்றுதான் வால்வு செய்தவர்களே குறித்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வால்வு அடி வாங்கும். இரண்டாவது, மூன்றாவது கண்டன்சர்களைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் கண்டன்சரின் மைனஸை எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அது பவர் டிரான்ஸ்பார்மரின் ஹை டென்ஷன் (அதிக வோல்ட்) சுற்றின் நடு முனைக்கு நேராகப் போக வேண்டும். அங்கே ஓடுவது ஒவ்வொரு அலைக்கும் பெரிய பெரிய கரண்ட் துடிப்பு. அந்தக் கரண்ட் இன்புட் வால்வின் எர்த்தோடு ஒரே கம்பியில் பயணம் செய்தால், எத்தனை நல்ல கண்டன்சர் போட்டாலும் ஆம்ப் உறுமிக்கொண்டேதான் இருக்கும். இன்புட் வால்வின் எர்த்துகளை எல்லாம் அதற்கு சப்ளை தரும் கடைசிக் கண்டன்சரின் மைனஸில் சேர்த்து, அங்கிருந்து ஒரே கம்பியாக இன்புட் ஜாக் அருகில் சேசிஸில் கட்டுங்கள். பழைய மைக் செட்டுகளில் அவரவர் கைக்கு எட்டிய இடத்தில் எர்த் வைத்திருப்பார்கள். இதை மட்டும் ஒழுங்குபடுத்தியதில் பாதிச் சத்தம் அடங்கிய ஆம்ப்கள் உண்டு.

புட்புட்டென்று படகு மோட்டார் மாதிரி அடித்தால் பவர் வால்வுக்கு முந்தைய ப்ரீ ஆம்ப் பக்கத்துச் சின்ன ஃபில்டர் கண்டன்சரைப் பாருங்கள்.

ஹீட்டர்

வால்வு சிவக்க 6.3 வோல்ட் ஏசி போகிறது. ஒயர் இரண்டும் நெருக்கமாக முறுக்கப்பட்டு, சேசிஸின் மூலையை ஒட்டி, வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட் ஒயர்களிலிருந்து விலகி ஓட வேண்டும். பழைய செட்டுகளில் ஒரு முனையைச் சேசிஸிலேயே வைத்து ஒற்றைக் கம்பியாக இழுத்திருப்பார்கள். அதைப் பிரித்து இரண்டு கம்பி முறுக்கிப் போட்டு, டிரான்ஸ்பார்மரில் நடு முனை இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்களை இரு முனைகளிலிருந்தும் எர்த்துக்கு வையுங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது, 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. 12ஏஎக்ஸ்7, அதாவது ஈசிசி83 வால்வில் 4, 5 கால்கள் சேர்ந்து ஒரு முனை, 9 மற்றொரு முனை. முடித்ததும் வோல்ட்டை அளங்கள். ராத்திரியில் லைன் 250க்கு ஏறுகிற ஏரியா என்றால் ஹீட்டரும் ஏறும், 6.9க்கு மேல் போகக் கூடாது.

இரைச்சல், கரகரப்பு

உஸ்ஸென்ற இரைச்சலும் கரகரவென்ற பொரிச்சலும் உறுமலோடு சம்பந்தமில்லாதவை. முதலில் இன்புட் வால்வை மாற்றிப் பாருங்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த பழைய வால்வு கிடைத்தால் விடாதீர்கள், இல்லாவிட்டால் ஜேஜே மாதிரி இப்போது வருவதே போதும். பென்சில் பின்பக்கத்தால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி மாதிரி கேட்டால் அந்த வால்வை இன்புட் இடத்தில் வைக்காமல் பின்னால் தள்ளுங்கள்.

வால்வு சரியென்றால் அதன் பிளேட் (சிக்னல் பெருகி வெளிவரும் முனை) ரெசிஸ்டர். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரில் வோல்ட் கூடக் கூட இரைச்சலும் கூடும், பிளேட்டில்தான் வோல்ட் அதிகம். 100 கிலோ ஓம் என்று எழுதியிருப்பது 130, 140 என்று காட்டுவதும் சகஜம். 1 வாட் மெட்டல் ஃபிலிம் போட்டுவிடுங்கள். முதல் வால்வுக்கு மட்டும் போட்டால் போதும், அங்கே பிறக்கிற இரைச்சல்தான் பின்னால் வரும் எல்லா வால்விலும் பெருக்கப்படுகிறது.

பொரிச்சலுக்கு, ஆம்ப் ஓடும்போது காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஈய இணைப்பையும் தட்டுங்கள். எங்கே தட்டினால் பொரிகிறதோ அங்கே பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். வால்வு சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால், அணைத்துக் காலி செய்த பிறகு ஊசியால் நெருக்கிவிடலாம். வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அடித்தும் போகாவிட்டால் அதில் டிசி ஏறுகிறது, அதற்கு முன்னால் உள்ள கண்டன்சர் கசிகிறது என்று அர்த்தம்.

ஆம்பில் ரேடியோ ஸ்டேஷன் கேட்கிறதா? முதல் வால்வின் கிரிட் காலிலேயே ஒட்டி 68 கிலோ ஓம் ஒன்று வையுங்கள், ஜாக்கிலிருந்து அங்கே வரும் ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றி ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மைக் செட் ஆம்பைக் கிடாருக்குப் பயன்படுத்துகிறவர்கள் மைக் இன்புட்டை விட்டுவிட்டு, வால்வு ஒன்று குறைவாக உள்ள ஆக்சிலரி இன்புட்டில் சொருகிப் பாருங்கள். கிரிட்டுக்கு 1 மெகா ஓம் இருக்கும்படி மாற்றிக்கொண்டால் கிடாரின் மேல்சுரங்களும் மங்காது, தேவையில்லாத பெருக்கமும் இரைச்சலும் குறையும்.

கசியும் கண்டன்சர், சிவக்கும் பிளேட்

சத்தத்தோடு சேர்த்து இதையும் பார்த்துவிடுங்கள், விட்டால் வால்வு போகும். பவர் வால்வின் கிரிட்டில் டிசி அளங்கள். பவர் வால்வின் கேத்தோடு காலில் ரெசிஸ்டர் வைத்த கேத்தோடு பயஸ் ஆம்பில் அது ஜீரோவாக இருக்க வேண்டும். பிளஸ்ஸில் ஒரு வோல்ட் காட்டினாலும் முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, 0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலியஸ்டர் ஒன்று போடுங்கள். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்களை அளக்காமலே மாற்றலாம். பிளாஸ்டிக் ஃபிலிம் கண்டன்சர்கள் கசியாவிட்டால் அப்படியே இருக்கட்டும், அவற்றை மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கேத்தோடு ரெசிஸ்டரில் வோல்ட்டை அளந்து ஓமால் வகுத்தால் கரண்ட் வரும். 6வி6 வால்வுக்கு 470 ஓமில் 19 வோல்ட் என்றால் சுமார் 40 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 300 வோல்ட் இருந்தால் 12 வாட். 6வி6க்கு அது சரியான அளவு, ஈஎல்84க்கு அதுவே உச்சம், ஈஎல்34 என்றால் 25 வாட் வரை தாங்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், உள்ளே சாம்பல் நிறத் தகடு சிவந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு வால்யூமை முழுக்க ஏற்றினால் ஒரு மெல்லிய உஸ் மிஞ்சும். அது எல்லா வால்வு ஆம்பிலும் உண்டு, அதைத் துரத்தினால் ஆம்பின் தொனியைத்தான் கெடுப்பீர்கள். பெட்டியை மூடும் முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹை டென்ஷன், ஹீட்டர், கேத்தோடு வோல்ட்களை மறுபடி அளந்து, அணைத்துக் காலி செய்த பிறகு புதுக் கண்டன்சர்கள் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, அந்த எண்களைத் தேதியோடு ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை உறுமும்போது எது மாறியிருக்கிறது என்று அங்கிருந்து தொடங்கலாம்.